கல்லக்கா அள்ளிய வாசல்

போன் வந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

"உங்க மிஸ் போயிட்டா மேடம்" என்றார் முனிரத்தினம். எங்கள் பள்ளியின் கணக்கு ஆசிரியை சகுந்தலா மிஸ்ஸின் கணவர் அவர். பெங்களூரு ஆஸ்பத்திரியிலிருந்து உடல் சாமல்பட்டிப் பக்கத்து ஊரிலுள்ள வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது என்றவர், அழாமல் இன்னொன்றும் சொன்னார்.

"அந்த இசக்கிப் பொண்ணையும் கூட்டியாங்க. வாசல்ல காயற கல்லக்காய அள்ளச் சொல்லிட்டேன். 'நான் செத்தா அவ வருவா, வாசல் சுத்தமா இருக்கணும்'னு சொல்லிட்டுத்தான் போனா."

எனக்கு அழுகை அப்போதுதான் வந்தது. மிஸ்ஸை அறியாதவர்களுக்கு இது விளங்காது. நிலக்கடலையைத்தான் எங்கள் பக்கம் கல்லக்கா என்போம். இசக்கியின் உடம்புக்கு அது ஆகாது.

இசக்கியின் அப்பா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், போச்சம்பள்ளி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. அவளை மூன்றாம் வகுப்பில் சேர்த்த அன்றே அவள் அம்மா, "இவளுக்கு நிலக்கடலை ஆவாது மிஸ், கண்ணுல காட்டிராதீய" என்றார். நாங்கள் தலையாட்டினோம். இட்லிக்குக் கல்லக்கா சட்னி, சாதத்துக்குக் கல்லக்காப் பொடி என்று வாழ்கிற ஊரில், ஏதோ அரிப்பு வரும் போலிருக்கிறது என்பதற்கு மேல் யாருக்கும் தோன்றவில்லை. சகுந்தலா மிஸ்ஸுக்கும் தோன்றவில்லை.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. இந்தப் பக்கம் அதுதான் பெரிய பண்டிகை. கம்பெனிகளில் பொரி மூட்டை மூட்டையாய் வந்திறங்கும். அப்பாக்கள் கொண்டுவந்த பொட்டலங்களைப் பிள்ளைகள் பள்ளிக்குத் தூக்கிவந்துவிடுவார்கள். பொரி, பொட்டுக்கடலை, தேங்காய்ச் சில்லு, நிறையக் கல்லக்கா. வகுப்பே வாய் ஓயாமல் மென்றுகொண்டிருக்க, இசக்கி மட்டும் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தாள்.

"இவ மட்டும் மத்தவங்க வாயப் பாத்துட்டே இருக்கணுமா?" என்றார் மிஸ். ஒரு பொட்டலத்தைத் தாளில் கொட்டி, கல்லக்காயை ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுத்தார். கல்லக்கா விளைகிற வீட்டில் பிறந்த பெண் அல்லவா, சிவப்புத் தோலைக்கூட ஊதித் தள்ளினார். மிச்சப் பொரியை அவள் கையில் கொடுத்தார். நானும் பார்த்துச் சிரித்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் உதடு வீங்கியது. பிறகு குரல் போனது. பிறகு மூச்சு இழுத்தது. கேட்டில் பூஜைக்கு நின்றிருந்த ஸ்கூல் வேன், சக்கரத்தடி எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பியது. கிருஷ்ணகிரி வரை மிஸ்ஸின் மடியில் அந்தப் பிள்ளை நீலம் பாரித்துக் கிடந்தது. ஊசி போட்டுக் காப்பாற்றிய டாக்டர் சத்தம் போடவில்லை.

"கடலையப் பொறுக்கிட்டீங்க. தூளை எப்படிப் பொறுக்குவீங்க? அடுத்த தடவை இவ்வளவு நேரம் கிடைக்காதும்மா" என்றார்.

அவள் அம்மாவாவது திட்டியிருக்கலாம். "பிரியத்துலதான குடுத்திய" என்று மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சொல் மிஸ்ஸை அதற்குப் பிறகு நிம்மதியாகத் தூங்க விடவில்லை.

"இவள வெறுக்கறவங்களால ஆபத்து இல்ல. பிரியமா இருக்கறவங்க கைதான் எனக்கு பயம்" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். சொல்லும்போது தன் கையைத்தான் பார்ப்பார்.

மறுநாளிலிருந்து அவர் கல்லக்காயைத் தொடவில்லை. சொந்த நிலத்தில் விளைந்ததை வீட்டுக்காரர் அவித்துக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த வகுப்பில் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பிறந்தநாள் மிட்டாய் அவர் மேஜையைத் தாண்டித்தான் போகும். கல்லக்கா இல்லாத டிபன் பாக்ஸ்காரர்கள் இசக்கியோடு உட்கார வேண்டும். அவளைத் தனியாக உட்கார வைக்க மட்டும் அவர் ஒருநாளும் விடவில்லை. அவளிடம் யார் எதை நீட்டினாலும் ஒரே கேள்வி.

"எந்தக் கையில எடுத்தே? அந்தக் கை அதுக்கு முன்னால எதத் தொட்டுச்சு?"

'மோப்ப மிஸ்' என்று பெற்றோர்கள் பெயர் வைத்தார்கள். ஸ்டாஃப் ரூமில் நாங்களும் கொஞ்சம் ஓட்டினோம். ஆனால் புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் வாயெல்லாம் அடங்கிவிடும். பொரி வண்டி ரோட்டில் போனாலே அவர் முகம் வெளுக்கும். பூஜை முடிந்த மறுநாள், பிள்ளைகளை ஏற்றுமுன் ஒவ்வொரு வேனிலும் ஏறி, சீட்டுக்கடியில் குனிந்து தானே பெருக்குவார். "அது எங்கியோ காத்துட்டே இருக்குது" என்பார். எது என்று நாங்கள் கேட்டதில்லை.

இந்த வருடமும் ஆயுத பூஜைக்குச் சில நாட்கள்தான் இருந்தன. போன் வந்த மறுநாள் காலை, இப்போது பத்தாம் வகுப்புப் படிக்கிற இசக்கியைக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ் போன வழியெல்லாம் மானாவாரிக் காடுகளில் கல்லக்காச் செடியைப் பிடுங்கிக் குவித்திருந்தார்கள். ஜன்னலை நான்தான் மூடினேன்.

வாசல் சுத்தமாக இருந்தது. பெருக்கிச் சாணம் தெளித்திருந்தார்கள். மிஸ்ஸின் கைகளைக் கட்டி நெஞ்சில் வைத்திருந்தார்கள். இசக்கி அந்தக் கைகளின் மேல் முகத்தை வைத்துக்கொண்டு விம்மினாள். தூக்கிவிட எங்களுக்கு மனம் வரவில்லை. முனிரத்தினத்தின் அக்காதான் வந்து அவளை அணைத்து எழுப்பி ஓரமாக உட்காரவைத்தார்.

"காலையிலிருந்து பச்சத்தண்ணி பல்லுல படல போல, பாவம்" என்று ஒரு பன்னைப் பிய்த்து அவள் வாயருகே கொண்டுபோனார்.

இசக்கி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். அழுகைக்கு நடுவில், மிஸ்ஸின் அதே குரலில் கேட்டாள்.

"எந்தக் கையில எடுத்தீங்க அத்தை? அதுக்கு முன்னால எதத் தொட்டீங்க?"

அந்த அம்மாள் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணில் செம்மண். விடியலிலிருந்து வாசல் கல்லக்காயை அள்ளிக் கொட்டிய கை அது. பன் கீழே விழுந்தது.

நான் மிஸ்ஸின் முகத்தைத்தான் பார்த்தேன். போய் வாருங்கள் மிஸ். அது இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் கேள்வியை அவள் வாங்கிக்கொண்டாள்.