பதினாறு கிழமையும் பத்து நாளும்

கடல் கொண்டுபோன நெல் மில்லை அதே அத்திவாரத்தில் மறுபடி எழுப்பினேன். ஷெல் விழுந்த காலத்திலும் ஒரு போகம்கூட வயலைத் தரிசு போட்டதில்லை. நிந்தவூரில் மூன்று மாடி வீடு கட்டினேன். எல்லாம் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் செய்தது. இதையெல்லாம் யாரும் எழுத வேண்டாம். ஆனால் யுத்தம் முடிந்த பிறகு எங்கள் பள்ளிவாசல் வெளியிட்ட சுனாமி நினைவு மலரில், அகதி முகாமிலிருந்த விதவைகளுக்கு, மறுமணத்துக்கு முன் காத்திருக்க வேண்டிய இத்தா நாள் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் ஒரு வாத்தியார் என்று அச்சாகியிருக்கிறது. அந்த மனிசன் மாதத்துக்கு நாலு கிழமை என்று போட்டவர். சீமெந்துப் பைத்தாளில் அதை வெட்டித் திருத்தியவன் நான்.

எனக்கு ஏழு வயதில், தலைப்பிறை கண்ட அன்று, வாப்பா மௌத்தானார். உம்மா இத்தா இருந்தார். நாலு மாதமும் பத்து நாளும், வெள்ளைத் திரைக்குப் பின்னால், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல். அடுப்புக்கரித் துண்டொன்றை என் கையில் தந்து, “ஒரு நாளைக்கு ஒரு கோடு கீறு மனே. புதுப் பிறை கண்டா பெரிய கோடு” என்றார். நான் அழாமலிருக்க ஒரு விளையாட்டு என்று நினைத்தேன்.

உம்மாவின் காக்கா, அதாவது என் மாமா, அதற்குள் மாப்பிள்ளை பார்த்துவிட்டார். அக்கரைப்பற்று மாட்டு வியாபாரி ஒருவர், உம்மாவைவிட இருபது வயது மூப்பு. உம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு மாதம் பதினாறு கிழமை, அதோடு பத்து நாள் என்று விரல்விட்டு எண்ணி, அது முடிகிற அன்று பின்னேரமே நிக்காஹ் என்று, அதை நடத்திவைக்கும் லெப்பையையும் கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டார்.

அடுக்களைச் சுவரில், நாலாவது பெரிய கோட்டுக்குப் பிறகு நாலே நாலு சின்னக் கோடுதான் இருந்தது.

“மாமா, இன்னும் ஆறு நாள் இரிக்கி.”

“நாலு கிழமை ஒரு மாசம்டா. பள்ளிக்கூடத்தில இதையும் படிப்பிக்கல்லயா?” சிரித்துக்கொண்டே பிடரியில் அடித்தார்.

லெப்பையின் சால்வையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சுவரைக் காட்டினேன். அவர் கோடு கோடாகத் தொட்டு எண்ணினார். “புள்ள சொல்றது சரி. மாசத்தைப் பிறைதான் சொல்லும், கிழமை சொல்லாது. இண்டைக்கு முடிச்சி வெச்சா அது நிக்காஹ் இல்ல” என்றவர், தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போனார். வியாபாரிக்கு அது மானக்கேடு. பிறகு வரவேயில்லை.

மாமா மறுபடி அடித்தார். திரைக்குப் பின்னால் உம்மாவின் அழுகை கேட்டது. ஆறு நாள் கூட்டி அடைத்துவிட்டேன் என்ற கோபமாக்கும் என்று அன்று நான் சோறு தின்னவில்லை.

இத்தா முடிந்து திரையைக் கழற்றியபோது அந்தப் பக்கத்துச் சுவரிலும் கரிக்கோடுகள். பெரியது நாலு, கடைசியில் சின்னது பத்து. அதைப் பார்த்துவிட்டு விளையாடப் போய்விட்டேன். காக்காவின் முன்னால் வாய் திறக்க முடியாதவர் என் கையில் ஏன் கரியைத் தந்தார் என்பது, எனக்கு மீசை முளைத்த பிறகுதான் விளங்கியது.

ஆகவே மலர்க் குழுவினர் அந்தப் பக்கத்தைக் கிழித்துப்போட்டுப் புதிதாக அச்சடிக்க வேண்டும். வாத்தியாரின் பெயரை எடுங்கள். என் பெயரைப் போடுங்கள். அதற்கு மேலே, பெரிய எழுத்தில், என் உம்மாவின் பெயர்.