ஸ்டிக்கரை நம்பி வாங்கிய எஸ்.எம்.பி.எஸ்.

சின்ன காஞ்சிபுரத்தில் நானும் கணவரும் பட்டுப் புடவை நெய்து விற்கிறோம். பார்டர் டிசைனைக் கம்ப்யூட்டரில் நானே போடுவேன். ஒருநாள், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி கெட்டுப்போனது. நல்ல கம்பெனிப் பெட்டியின் விலையைக் கேட்டுத் தயங்கினோம்.

"இதைப் போடுங்கம்மா, பாதி விலைதான். நானூத்தம்பது வாட்ஸ்னு எழுதியே இருக்குது பாருங்க" என்றார் கடைக்காரர்.

உரசிப் பார்க்காமல் ஜரிகை வாங்காத என் கணவர் அந்த ஸ்டிக்கரை அப்படியே நம்பினார். பெட்டி காலி டப்பா போல லேசாக இருந்தது எனக்கும் உறைக்கவில்லை.

ஒரு கல்யாணப் புடவையின் டிசைனை முடிக்கும் நேரத்தில் 'டப்' என்று வெடித்துக் கருகல் வாடை அடித்தது. ஹார்ட் டிஸ்க்கும் போய்விட்டது, அதிலிருந்த டிசைன் அத்தனையும் போய்விட்டன. பெண் வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

"கரண்ட் ஏறி எறங்கிக்கினே இருக்குது, நான் இன்னாம்மா பண்றது?" என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

இப்போதெல்லாம் கையில் தூக்கிக் கனம் பார்த்து, பில்லோடுதான் எஸ்.எம்.பி.எஸ். வாங்குகிறேன். டிசைன்களை அன்றன்றைக்கே சி.டி.யில் ஏற்றிவிடுகிறேன்.

போன வாரம் அதே கடைக்காரர் தன் மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். கொஞ்சமும் கூச்சமில்லாமல் கேட்டார்: "ஜரிகை அசல்தானேம்மா? நம்பி வாங்கலாமா?"