கனவு என்ற கட்டம்

என்னைப் போல் ஒரு முட்டாளைப் பார்க்க யாரும் திருமழிசைக்கும் ஆவடிக்கும் பஸ் மாறி மாறி அலைய வேண்டாம். நானே முன்னால் வந்து நிற்கிறேன். ஒரு பெண் தன் கனவு என்ன என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னார். அது சுமாராக இருக்கிறது என்று நினைத்து, நல்லதாக வேறொன்றை நான் எழுதிக்கொடுத்தேன். தையல்காரர் சட்டையைத் திருத்தலாம், வாத்தியார் கட்டுரையைத் திருத்தலாம். கனவைத் திருத்திய ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அம்பத்தூரில், ஒரு டயர் கடைக்கு மேலே, பெண்கள் உரிமைக்காக நடக்கும் தொண்டு நிறுவனத்தில் எனக்கு வேலை. இருப்பவர்களில் ஆண் நான் மட்டும்தான். பெண்களுக்காகப் பேச ஆண் எதற்கு என்று சேரும்போதே கேட்டேன். "உங்க தமிழ் நல்லாருக்கு" என்றார் எங்கள் இயக்குநர் மேடம். நாற்பத்தெட்டு வயதில் ஒருவன் வேலைக்குச் சேர அந்த ஒரு பொய் போதும்.

பதவியின் பெயர் ஆங்கிலத்தில் இரண்டு வரி நீளம். பெரும்பாலும் செய்வது ஒன்றுதான்: நாங்கள் பயிற்சி கொடுத்த பெண்களைப் பற்றி வெளிநாட்டு நன்கொடையாளர்களுக்கு 'வெற்றிக் கதை' எழுதுவது. அதற்குப் படிவம் உண்டு. முன்பு பட்ட துன்பம், பெற்ற பயிற்சி, வந்த மாற்றம், கடைசியாகக் கனவு. உலகம் முழுக்க ஒரே படிவம். எங்கோ பாலைவனத்தில் ஆடு வளர்க்கிற பெண்ணும் திருமழிசையில் ஒயர் கட்டுகிற பெண்ணும் அதே கட்டத்துக்குள்தான் கனவு காண வேண்டும். மற்ற கட்டங்கள் சின்னவை. கனவுக் கட்டம் மட்டும் முக்கால் பக்கம்.

நான் கனவைத் திருத்தியது அந்த ஒயர் கட்டுகிற பெண்ணுக்குத்தான். திருமழிசை தொழிற்பேட்டையில் கார்களுக்கு ஒயர் செட் செய்யும் ஒரு கம்பெனியில் ஏழு வருடமாக நின்றுகொண்டே வேலை. அவருடைய லைனில் இருபது பெண்களுக்குக் கழிவறைக்குப் போக ஒரே ஒரு டோக்கன். ஆணியில் மாட்டியிருக்கும். அது ஆணியில் இல்லையென்றால் அடக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எங்கள் பயிற்சிக்கு இரண்டு நாள் வந்தவர், மூன்றாம் நாள் ஒரு ஊறுகாய் டப்பா மூடியில் ஓட்டை போட்டு, கயிறு கோத்து, ரெண்டு என்று எழுதி அதே ஆணியில் மாட்டிவிட்டார். மேலிடத்து உத்தரவு என்று சூப்பர்வைசர் நினைத்துக்கொண்டார். மேலிடம் சூப்பர்வைசரின் ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டது. இன்றுவரை அந்த லைனுக்கு இரண்டு டோக்கன்.

கேள்விப்பட்டதும் ஓடினேன். கேன்டீனில் உட்கார்ந்து பேசினோம். மூன்று கட்டங்கள் மளமளவென்று நிரம்பின. நாலாவதுக்கு வந்தேன்.

"உங்க கனவு என்னம்மா?"

"கனவா? தூக்கம் வந்தாதான சார் கனவு வரும்."

"அப்படி இல்லம்மா. வாழ்க்கைல என்ன ஆகணும்னு ஆசை?"

கொஞ்சம் யோசித்தார். "எம்பொண்ணு நாலு மணிக்கு ஸ்கூல் உட்டு வர்றப்ப நான் ஊட்ல இருக்கணும் சார். அவ்ளோதான்."

பெண் ஒன்பதாவது படிக்கிறாள். போன வருடம் வயதுக்கு வந்திருக்கிறாள். வந்த மறுமாதமே வீட்டுக்காரரின் அக்கா ஒரு பையோடு வந்து இறங்கிவிட்டாராம்: "ஆளில்லாத ஊட்ல வயசுப் பொண்ண தனியா உட்டுட்டு நீ இன்னா கம்பெனிக்குப் போற? ஸ்கூலு போனது போதும், எங்கூட அனுப்பு." புருஷனும் தலையாட்டியிருக்கிறார். இந்த அம்மாவோ ஒரே வார்த்தையில் முடித்தார்: அவள் வரும்போது நான் வீட்டில் இருப்பேன், இருக்கும்வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அதற்காகவே ஆறு மணியிலிருந்து இரண்டு மணி வரைக்கும் உள்ள முதல் ஷிப்ட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். வேறு ஷிப்ட் என்று வந்த இரண்டு பதவி உயர்வையும் வேண்டாம் என்றிருக்கிறார்.

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். ஆபீசுக்கு வந்து படிவத்தின் முன்னால் உட்கார்ந்தபோதுதான் புத்தி வேலை செய்தது. என் புத்தி வேலை செய்யும்போதெல்லாம் யாருக்காவது வேலை போகும். நாலு மணிக்கு வீட்டில் இருப்பது ஒரு கனவா? அது டைம்டேபிள். முக்கால் பக்கக் கட்டத்தில் அரை வரி. வெளிநாட்டுக்காரர் என்ன நினைப்பார்? ஒரு பெண்ணுக்கு இவ்வளவு பயிற்சி கொடுத்தும் அவர் வீட்டுக்குப் போகத்தான் ஆசைப்படுகிறார் என்றல்லவா நினைப்பார்? அதனால் எழுதினேன்: 'ஒருநாள் இதே ஆலையில் தலைமைப் பொறுப்பேற்று, நூறு பெண்களை வழிநடத்த வேண்டும் என்பதே இவரது கனவு.' எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது.

அன்று மாலை வீட்டில் மனைவிக்கு அதைப் படித்துக் காட்டினேன். "நல்லாருக்கு. எங்கிட்ட ஒரு தடவையாவது என் கனவு என்னன்னு கேட்டிருக்கியா?" என்றாள். கேட்கத்தான் வாயெடுத்தேன். அதற்குள் குக்கர் விசில் அடித்தது, எழுந்து போய்விட்டாள்.

மார்ச் மாதம் கம்பெனியில் மகளிர் தினம் வந்தது. கேக், ரோஜாப்பூ, ஆண்கள் நால்வரின் நீண்ட உரைகள். பெயரைச் சொல்லாமல், அவரைப் பற்றி எழுதிய கதையை நானே மேடையில் படித்தேன். ஊறுகாய் மூடியை மட்டும் 'துணிச்சலான ஒரு முயற்சி' என்று மறைத்துவிட்டதில் எனக்குப் பெருமை வேறு. ஏழு வருடம், ஒயர் லைன், ஒன்பதாவது படிக்கிற மகள் என்று மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. பாதி படிக்கும்போதே முழு கேன்டீனும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தது. அவர் கேக் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்து எச்.ஆர். தம்பி போன் செய்தார். "சார், ஸ்வீட் நியூஸ். முதலாளி உங்க கதைய கேட்டு அசந்துட்டாரு. அந்தம்மாவ லைன் லீடராக்கிட்டோம். குத்தம்பாக்கம் பக்கத்துல புது யூனிட். ஒம்போதரைலருந்து ஆறரை, ஜெனரல் ஷிப்ட்."

போனை வைத்துவிட்டு பஸ் பிடித்தேன். எச்.ஆர். தம்பியின் அறையில் டீ வந்தது. குடித்தேன். "தம்பி, அவங்களுக்கு முதல் ஷிப்ட்தான் வேணும்" என்றேன்.

"இன்னா சார், தலைமைப் பொறுப்பு கனவுன்னு நீங்கதான படிச்சீங்க?"

"அது நான் எழுதினது. அவங்க சொன்னது இல்ல."

தம்பி சிரித்தார். சிரித்து முடித்ததும் நான் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தார். "அவங்களும் வந்து கேட்டாங்க சார். அந்த எடத்துல ஆள் போட்டாச்சு. முதலாளி கையெழுத்துப் போட்டது. அவர்கிட்ட நீங்க வந்து சொல்றீங்களா? நான் கூட்டிகினு போறேன்."

பக்கத்து அறைதான். எட்டு அடி இருக்கும். மேடத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லி எழுந்துவிட்டேன். பெண்கள் அஞ்சாமல் பேச வேண்டும் என்று அதே கம்பெனியில் ஆறு வகுப்பு எடுத்தவன் நான்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவருக்கும் களைப்பு. "கதை போயாச்சு. வெளிநாட்டுக்காரங்களுக்குப் பிடிச்சிருக்கு, அவங்க ஆண்டறிக்கை அட்டையில போடறாங்களாம். இப்போ போய்க் கனவு பொய்னு சொன்னா, மத்ததெல்லாம் நிஜமான்னு கேப்பாங்க. கேட்டா என்ன சொல்வீங்க?" கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "ஒரு வாரம் பொறுங்க, நானே பேசறேன்" என்றார். பொறுத்தேன். பொறுப்பதில் நான் கெட்டிக்காரன். ஒரு வாரத்துக்குள் அந்த ஒயர் லைன் பெண் வேலையை விட்டுவிட்டார். ஏழு வருட சர்வீஸ், ஈ.எஸ்.ஐ. கார்டு, கேன்டீன் சாப்பாடு எல்லாம் போனது.

வெயில் ஏறிய ஒரு மத்தியானம், ஆவடி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். கையில் கீரைக்கட்டு. பார்க்காதது போல் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். என் தொப்பைக்கு அந்தத் தூண் போதவில்லை.

"இன்னா சார், ஒளிஞ்சிகினு நிக்கிறீங்க?"

வெளியே வந்தேன். ராணுவத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இரண்டு வீட்டில் சமையல் செய்கிறாராம். ஒன்றரைக்கே முடிந்துவிடுகிறது, திருமுல்லைவாயிலில் இருக்கிற வீட்டுக்குப் போக நேரம் இருக்கிறது என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பொண்ணு?"

"ஸ்கூலுக்குத்தான் போய்கினு கீது. நாத்தனா ரெண்டு வாட்டி வந்துட்டுப் போச்சு. நான் ஊட்லதான் கீறேன், இன்னா பண்ணும்?"

தப்பு என்னுடையது என்றேன். இன்னொரு கம்பெனியில் எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார், முதல் ஷிப்ட்டே கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். முதலாளிக்கு ஒரு கடிதம், எங்கள் ஆபீசிலேயே ஒரு வேலை என்று அடுக்கிக்கொண்டே போனேன். நான் மூச்சு வாங்கும்வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

"உங்களுக்கு நான் என்னம்மா செய்யட்டும்? நீங்களே சொல்லுங்க."

கீரைக்கட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"ஒண்ணும் செய்யாம இருங்க சார், அதுவே போதும்."