சுண்ணாம்புக் கோட்டுக்குள் நாகராஜப்பா

செவ்வாய்க்கிழமை காலை ஆறேகால் மணிக்கு ஓசூர் பஸ் நிலையத்துக்கு எதிரே கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைத் தோட்டத்தில் எங்களோடு பயிர் செய்யும் செல்வியிடமிருந்து போன் வந்தது. "சார், நாகராஜப்பா தவறிட்டாரு. ராத்திரி தூக்கத்திலயே. மத்தியானம் எடுக்குறாங்க," என்றார். "எந்த நாகராஜப்பா?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த நாகராஜப்பா ஒருவர்தான். அது செல்விக்கும் தெரியும். அவர் போனை வைத்துவிட்டார். அன்றைக்கு எங்கள் ஆலையில் வாடிக்கையாளர் தணிக்கை இருந்தது, லீவு கிடைக்குமா என்பதுதான் எனக்கு முதலில் வந்த யோசனை. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நடந்ததைத்தான் எழுத வேண்டும்.

தோட்டத்துக்காரர்கள் கூடிப் பேசியபோது, அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று செல்வி சொன்னார். "நீங்க எழுதுனாத்தான் சார் சரியா இருக்கும்," என்றார். அதில் எவ்வளவு மரியாதை, எவ்வளவு குத்தல் என்று நான் கேட்கவில்லை. இறந்தவர்களை எல்லாம் தங்கமான மனிதர்களாக்கி எழுதும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. நாகராஜப்பா தங்கம் இல்லை. வாயைத் திறந்தால் தோலை உரித்துவிடுவார். நானும் தங்கம் இல்லை என்பது போகப் போகத் தெரியும்.

எங்கள் தோட்டத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பேரிகை சாலையில் இரண்டு ஏக்கர். பெங்களூர்க்காரர் ஒருவர் வாங்கிச் சும்மா போட்டிருந்த நிலம். மனை போடும் வரைக்கும் பயிர் செய்துகொள்ளுங்கள் என்று விட்டிருந்தார். மதுரை, விருதுநகர், தஞ்சாவூர் என்று எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்த ஆலைத் தொழிலாளிகள் இருபது பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிக் காய்கறி போட்டோம். விளைந்ததைப் பங்கிட்டுக்கொண்டோம். செல்வி மின்சாதன ஆலையில் அசெம்பிளி வேலை பார்ப்பவர். நான் வார்ப்பட ஆலையில் தரக்கட்டுப்பாடு. ஆகவே தோட்டத்துக்கும் ஒழுங்குமுறை வகுக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை.

முதல் ஞாயிறன்றே நாகராஜப்பா கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். அறுபது வயதிருக்கும். தோளில் பச்சைத் துண்டு. "நானும் சேர்ந்துக்கலாமா?" என்று கேட்டார். நான் அச்சடித்து வைத்திருந்த படிவத்தை எடுத்து, பெயர், ஊர் எல்லாம் கேட்டு எழுதினேன். 'விவசாய முன் அனுபவம்' என்ற இடம் வந்தபோது அவர் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை கிடையாது. 'இல்லை' என்று நானே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

அந்த இரண்டு ஏக்கரும் அவருடையதாக இருந்தது என்பது அடுத்த வருடம்தான் தெரிந்தது. பக்கத்துக் காட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "நாகராஜப்பா நெலத்துல கத்திரி நல்லா வந்திருக்குதே," என்றார். மகனின் வைத்தியத்துக்காக விற்றாராம். மகனும் தங்கவில்லை. இதைக் கேட்டு மற்றவர்கள் உருகினார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஓகோ, அதனால்தான் இந்த மனிதர் முதலாளி மாதிரி பேசுகிறாரா என்று நினைத்தேன்.

அவர் பேச்சு அப்படி. மூட்டுத் தேய்ந்து குனிய முடியாமல் போன பிறகு புங்க மரத்தடியில் ஒரு தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். அங்கிருந்தே எல்லாருக்கும் விழும். பின்னால் வந்து சேர்ந்த கணினிக் கம்பெனிப் பெண் ஒருவர் முதன்முதலாகப் பிடுங்கிய முள்ளங்கியை ஆசையாகக் கொண்டுபோய்க் காட்டினார். "உங்க வூட்டு எலிக்குப் போதும்மா," என்றார் நாகராஜப்பா. அந்தப் பெண் மறுவாரம் வரவில்லை. என்னை 'க்வாலிட்டி சார்' என்றுதான் கூப்பிடுவார். "க்வாலிட்டி சார், களை புடுங்கறீங்களா, களைக்கு ஆறுதல் சொல்றீங்களா?"

ஒரு முறை அவரை மீறி பீன்ஸ் விதைத்தேன். அட்டவணையில் அந்த வாரம் பீன்ஸ் என்று இருந்தது. "வியாழக்கெழம மழ இருக்குது, இப்ப வேணாம்," என்றார். அட்டவணை அட்டவணைதான் என்று நூல் பிடித்து, டேப் வைத்து அளந்து விதைத்தேன். புதன்கிழமையே மழை வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. விதை எல்லாம் அழுகிப்போயிற்று. அடுத்த ஞாயிறு எல்லார் முன்னாலும் சேற்றில் நின்ற என்னைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை நான் மறக்கவில்லை. "பூமி உங்க கம்பெனி மெசின் இல்ல சார். நீங்க ஸ்விட்ச் போட்டதும் ஓடறதுக்கு," என்றார். சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த வருடங்களில் ஓசூர் ஆலைகளை எல்லாம் 'ஃபைவ் எஸ்' பைத்தியம் பிடித்து ஆட்டியது. வேலை செய்யும் இடத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ளும் ஜப்பான் முறை. அதில் சிவப்பு அட்டை என்று ஒன்று உண்டு. ஒரு மாதமாக உபயோகப்படாத பொருள் எதுவானாலும் அதில் சிவப்பு அட்டையைக் கட்டி, தனியாகக் கோடு போட்ட கட்டத்துக்குள் வைத்துவிட வேண்டும். நாலு வாரத்துக்குள் யாராவது எனக்கு இது வேண்டும் என்று அட்டையில் கையெழுத்துப் போட்டால் எடுத்துக்கொண்டு போகலாம். இல்லாவிட்டால் காயலான் கடை. இதைத் தோட்டத்துக்கும் கொண்டுவந்தேன். மோட்டார் அறை பக்கத்தில் சுண்ணாம்புத் தூளால் ஒரு கட்டம் போட்டேன். பிடி கழன்ற மண்வெட்டி, ஒழுகும் ஸ்ப்ரேயர், மூக்கு உடைந்த பூவாளி, துருப்பிடித்த களைக்கொத்து, நாலும் உள்ளே போயின. என் கையில் இன்னும் ஒரு அட்டை மீதி இருந்தது.

அந்த அட்டையில் நான் எழுதியது இதுதான். 'பொருள்: நாகராஜப்பா. நிலை: பழுது. கடைசியாகப் பயன்பட்டது: தெரியவில்லை.' டீ குடிக்க எல்லாரும் கூடியிருந்தபோது அதைக் கொண்டுபோய் அவர் சட்டைப் பித்தானில் கட்டினேன்.

அவருக்குத் தெலுங்கும் கன்னடமும்தான் படிக்க வரும். "இன்னாம்மா எழுதியிருக்குது?" என்று செல்வியிடம் கேட்டார். செல்வி சிரித்துக்கொண்டே படிக்க ஆரம்பித்தார், முடிக்கும்போது சிரிப்பு இல்லை. மற்றவர்கள் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன்.

"இப்ப நான் இன்னா பண்ணணும்?" என்றார்.

"அந்தக் கட்டத்துக்குள்ள போகணும். நாலு வாரத்துல யாராவது வேணும்னு கையெழுத்துப் போட்டா வெளிய வரலாம்."

"போடலன்னா?"

"காயலான் கடைதான்," என்றேன். மறுபடியும் சிரிப்பு.

அவர் எழுந்தார். தக்காளிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். கோட்டை மிதிக்காமல் தாண்டிக் கட்டத்துக்குள் போய், மண்வெட்டிக்குப் பக்கத்தில் பெட்டியைப் போட்டு உட்கார்ந்தார். பெரியவர் நல்லாத்தான் விளையாடுகிறார் என்று யாரோ சொன்னார்கள். சாயங்காலம் வரை அங்கேயே இருந்தார்.

அடுத்த ஞாயிறும் அட்டையோடு வந்து கட்டத்துக்குள்தான் உட்கார்ந்தார். மடியில் ஸ்ப்ரேயரைப் பிரித்து வைத்திருந்தார். பழைய ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டி வாஷர் போட்டு மாட்டினார். ஒழுகவில்லை. செல்வி கையெழுத்துப் போட்டு ஸ்ப்ரேயரை எடுத்துக்கொண்டார். எடுத்தவர் கட்டத்தை விட்டு நகரவில்லை. "உங்க அட்டையிலயும் போட்டுறவா ஐயா?" என்று கேட்டார். நாகராஜப்பா கையால் அட்டையை மூடிக்கொண்டார். "நீ வேணாம்மா. கட்டினவரு அவுக்கட்டும்."

இதை நான் கேட்டேன். பத்தடி தூரத்தில் தக்காளிக்குக் கொம்பு நட்டுக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு மண்வெட்டி. வேலங்கட்டையைச் செதுக்கி, இழைத்து, புதுப் பிடி போட்டிருந்தார். இரண்டு கையாலும் என்னிடம் நீட்டி, "ஆடுதான்னு பாத்துக்குங்க க்வாலிட்டி சார்," என்றார். உலுக்கிப் பார்த்தேன், தரையில் தட்டிப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது. எனக்கு மண்வெட்டி தேவைப்பட்டது. பேனாவை எடுத்து மண்வெட்டியின் அட்டையில் கையெழுத்துப் போட்டேன். அவருடைய அட்டை என் முழங்கைக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பேனா மறுபடி என் பைக்குள் போகும் வரை அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும். தெரிந்துதான் மூடியைப் போட்டு உள்ளே வைத்தேன். பீன்ஸ் அழுகியபோது சிரித்தீர்களே, ஒரு வார்த்தை கேளுங்கள், போடுகிறேன் என்று மனதுக்குள் வீம்பு.

நாலாவது ஞாயிறு பூவாளியும் களைக்கொத்தும் கையெழுத்தாகிப் போய்விட்டன. அதன் பிறகு கட்டத்துக்குள் இருந்தது அவர் ஒருவர்தான்.

ஐந்தாவது ஞாயிறோடு கெடு முடிகிறது. முகம் மழித்து, வெளுத்த சட்டை போட்டு வந்திருந்தார். அந்தச் சட்டையிலும் அட்டை. பழுது பார்க்க அவரிடம் எதுவும் இல்லை. கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மத்தியானம் செல்வி என்னிடம் வந்தார்.

"சார், வெளாட்டு போதும். போட்டு விட்டுருங்க."

"அவர் வாயைத் திறந்து கேக்கட்டும்."

"அவரு எதுக்கு சார் கேக்கணும்? அவரு நெலம் சார் இது."

"இருந்துச்சு," என்றேன்.

ஐந்து மணிக்கு எல்லாரும் கிளம்பினார்கள். நான் வருகைப் பதிவேட்டை மூடிவிட்டு வண்டியை எடுத்தேன். அவர் கட்டத்துக்குள்ளிருந்து கூப்பிட்டார்.

"க்வாலிட்டி சார், இன்னியோட நாலு வாரம் ஆச்சில்ல?"

"ஆச்சு."

"ஆய்த்து," என்றார். எந்த வேலை முடிந்தாலும் முடிந்தது என்பதைக் கன்னடத்தில் அப்படித்தான் சொல்வார். பித்தானிலிருந்து அட்டையை அவிழ்த்து மோட்டார் அறைக் கதவின் ஆணியில் மாட்டினார். பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, கேட்டை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார். வண்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. இறங்கிப் போய் ஒரு கையெழுத்துப் போட அரை நிமிடம் ஆகியிருக்காது. அடுத்த வாரம் எப்படியும் வருவார், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டேன்.

வரவில்லை. அவர் ஊர் தோட்டத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான். அவர் சாகும் வரைக்குமான எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட நான் போகவில்லை. செல்வி இரண்டு முறை போனார். நாகராஜப்பா மோர் கொடுத்து, கத்திரிக்குப் பூச்சி இருக்கிறதா என்று விசாரித்தாராம். என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். பேரிகை சந்தைக்குப் பஸ்ஸில் போகும்போது தோட்டம் தெரிகிற பக்கத்து ஜன்னலில் உட்கார மாட்டார் என்று அவர் மனைவி ரத்னம்மா சொன்னதாகச் செல்வி சொன்னார். அதைக் கேட்டும் நான் போகவில்லை. என்ன மனிதன் நான்.

செவ்வாய்க்கிழமை லீவு கிடைத்தது. நேரே தோட்டத்துக்குப் போனேன். அட்டை ஆணியிலேயே இருந்தது. வெயிலில் சிவப்பு வெளுத்து ரோஸ் ஆகியிருந்தது. எழுத்து மட்டும் போகவில்லை, நான் எழுதியது அவ்வளவு அழுத்தம். 'திரும்பப் பெறுபவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். தேதியும் போட்டேன்.

ஊருக்கு வெளியே ஏரிக்கரைப் பக்கம் குழி வெட்டியிருந்தார்கள். மண் தள்ள நின்றவர்களில் ஒருவர் கையில் எங்கள் மண்வெட்டி இருந்தது. செல்வி கொண்டு வந்திருந்தார். பிடி ஆடவில்லை. எல்லாரும் மூன்று பிடி மண் போட்டார்கள். என் முறை வந்தபோது சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தேன். மண்ணோடு அதையும் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். போட்டுவிட்டால் முடிந்துவிடும் என்றும் நினைத்தேன் போலிருக்கிறது.

ரத்னம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தார். அட்டையைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"நீங்கதான் அந்த க்வாலிட்டி சாரா?" என்றார்.

"ஆமாம்மா. கையெழுத்துப் போட்டுட்டேன்."

"அத உள்ள போடாதீங்க," என்றார். குரல் உயரவில்லை. அழுது முடித்த குரல். "கையெழுத்துப் போட்டவங்கதான எடுத்துகினு போவணும்? அதான் உங்க சட்டம்னு அவரு சொன்னாரு. எடுத்துகினு போங்க."

என் கையில் மண் இல்லை, அட்டைதான் இருந்தது. பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள். நான் விலகி நின்றேன். குழி மூடுவதைப் பார்த்தேன். எல்லாரும் போட்ட மூன்று பிடி மண்ணை நான் மட்டும் போடவில்லை.

ஞாயிறன்று தோட்டத்துக்குப் போனேன். சுண்ணாம்புக் கோடு போன மழைக்காலத்திலேயே கரைந்துவிட்டது. தக்காளிப் பெட்டி மட்டும் அதே இடத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. யாரும் அதை எடுக்கவில்லை, அதற்கு யாரும் அட்டை கட்டவும் இல்லை.

நாகராஜப்பா, அட்டை என் சட்டைப் பையில் இருக்கிறது. ஷிப்டுக்குப் போகும்போதும் இருக்கிறது. உங்களை எடுத்துக்கொண்டேன். நாலு வாரம் எப்போதோ தாண்டிவிட்டது.