வெண்கட்டிப் படகு

மதுரங்குளியில் பக்கத்து வீட்டுப் பிள்ளை கைபேசியில் கணக்கு விளையாடிக்கொண்டிருந்தது. படகில் ஐந்து வாத்துகள், இரண்டு இறங்கின. பிள்ளை மூன்றைத் தொட்டதும் கைபேசி கைதட்டியது. எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது. வாத்துக்குப் பயந்த மனுசி என்று சிரிக்காதீர்கள்.

பள்ளிவாசல்துறைப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில்தான், பல வருடங்களுக்கு முன், டீச்சராக எனக்கு முதல் நியமனம். ஜன்னலால் கருவாட்டு வாடை வரும். அதற்கு மூக்கைப் பொத்திக்கொண்டே, விளையாட்டால் கணக்குப் படிப்பிப்பது எப்படி என்று மூத்த ஆசிரியர்களுக்கே பாடம் எடுத்துக்கொண்டு திரிந்தேன். குறைகுடம் கூத்தாடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஒருநாள் இரண்டாம் வகுப்பில், தரையில் வெண்கட்டியால் ஒரு படகு கீறி ஐந்து பிள்ளைகளை ஏற்றினேன். சஃப்ரா ஓடிவந்து முன்னுக்குக் குந்தினாள். கணக்கென்றால் அவளுக்கு உயிர். இது தன் வாப்பாவின் போட் என்றாள். அவர் அன்று விடியவே இன்னும் நான்கு பேரோடு கடலுக்குப் போயிருந்தார்.

கடலுக்குப் போனவர்களை, கரையேறும்வரை அந்த ஊரில் யாரும் எண்ணுவதில்லை; எண்ணினால் ஆள் குறையும் என்று பயம். அது எனக்குத் தெரியாது. படகில் இருப்பவர்களை எண்ணச் சொன்னேன். ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. எல்லாக் கண்களும் என்மேல்தான். வெட்கம் இல்லை, பயம் என்பது விளங்கவில்லை எனக்கு. நானே எண்ணி, இரண்டு பேரை இறக்கிவிட்டு, மிச்சம் எத்தனை என்று சஃப்ராவை நெருக்கினேன்.

"மூணு," என்றாள், காற்றுப் போன குரலில்.

அவளுடைய கொப்பியில் சிவப்பு மையால் நட்சத்திரம் போட்டேன்.

பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு காற்று மாறியது. மறுநாள் போட் மூன்று பேரோடு வந்தது. வராத இருவரில் ஒருவர் சஃப்ராவின் வாப்பா.

சில கிழமைகள் கழித்து அவள் பள்ளிக்கு வந்தாள். இடைவேளையில் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான் பிழையாச் சொல்லியிருந்தா வாப்பா வந்திருப்பாங்களா டீச்சர்?"

அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை மகள் என்றேன். என் குரலை எனக்கே நம்ப முடியவில்லை. தலையாட்டிவிட்டுப் போனாள்.

அன்று முதல் அவளுடைய கழித்தல் எல்லாம் பிழை. நாலில் ஒன்று போனால் ஐந்து. ஒன்பதில் மூன்று போனால் பன்னிரண்டு. முதலில் சரியான விடையை எழுதுவாள். பிறகு அழிறப்பரால் அழித்துவிட்டு, கூட்டி எழுதுவாள். கிட்டப் போய்ப் பார்த்தால் கொப்பியைக் கையால் மூடிக்கொள்வாள். நான் எல்லாவற்றுக்கும் சரி போட்டேன். வேறென்ன செய்வது?

அடுத்த வருடம் அவளை உம்மாவின் ஊரான குறிஞ்சிப்பிட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால், நான் கேள்வியை முடிக்கும் முன்பே விடையோடு எழும்பி நின்ற அந்தப் பிள்ளை, அதற்கு எவ்வளவோ முன்பே போய்விட்டிருந்தாள்.