எல்லையில் கிடந்த மெத்தை

என் பெயர் அப்பாஸ் அலி. காது கேளாமையை ஆராய்கிறவன். கருவி காட்டுவதை மட்டும் நம்பிப் பழகியவன். யாராவது பேய் பிசாசு என்றால் முதல் ஆளாகக் கிண்டல் செய்வேன். ஆனால் போன நவம்பரில் கொல்லிமலையில் என் கண்ணெதிரே நடந்ததை எப்படி இல்லையென்று சொல்வது? நம்பினால் நம்புங்கள். நடந்தது நடந்ததுதான்.

என் மகள் சபீராவுக்கு நாலு வயது. ‘அத்தா, அத்தா’ என்று என் காலையே சுற்றி வந்தவள். மூளைக்காய்ச்சலில் இரண்டு காதும் போனது. பேச்சும் நின்றுவிட்டது. காதுக்குள் கருவி பொருத்த வேண்டுமானால் நரம்பில் கொஞ்சமாவது உயிர் இருக்க வேண்டும். அது செத்துவிட்டது என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். என்னால் ஏற்க முடியவில்லை. பைத்தியம் பிடிக்காத குறைதான்.

மலைமேல் அரியூர் நாடு என்ற பகுதியில் ஒரு பழைய கட்டடத்தில் காது பரிசோதனை முகாம் நடத்திக்கொண்டிருந்தேன். சபீராவையும் கூட்டிப் போயிருந்தேன். முகாம் முடிந்ததும் தினமும் அவளைச் சோதிப்பேன். பிள்ளையை இப்படி வதைக்காதீர்கள் என்று வீட்டிலிருந்த என் மனைவி சலீமா போனில் அழுதாள். நான் கேட்கவில்லை.

சோதனைக்கு வெளிச்சத்தம் வரக் கூடாது. அறைச் சுவரெல்லாம் மெத்தைகளைச் சாத்தி வைத்தேன். அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து ஜீப்பில் ஏற்றி வந்ததில் ஒன்று குறைந்தது. ஊர் எல்லையில் ஒரு மெத்தை கிடந்தது. கனமான இலவம்பஞ்சு. சத்தத்தை நன்றாக அடக்கும். வேறெதையும் யோசிக்காமல் தூக்கி வந்துவிட்டேன்.

அன்று மாலை மலையெங்கும் மூடுபனி. மணி ஆறேகால் இருக்கும். சபீராவுக்கு ஹெட்போன் மாட்டி, புளியங்கொட்டைகளைக் கையில் கொடுத்தேன். சத்தம் கேட்டால் ஒரு கொட்டையை டப்பாவில் போட வேண்டும். காய்ச்சலுக்குப் பிறகு அவள் ஒன்றுகூடப் போட்டதில்லை.

டிக்.

போட்டாள்.

அழுகை முட்டியது. அடுத்த சத்தத்தை அனுப்பப் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனேன்.

டிக்.

நான் இன்னும் அழுத்தவில்லை...

கருவியைப் பார்த்தேன். விளக்கே எரியவில்லை. பேட்டரி எப்போதோ தீர்ந்திருந்தது.

டிக்... டிக்...

ஹெட்போனைக் கழற்றினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, எல்லையில் எடுத்த மெத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் காதை வைத்துக் கேட்டேன். என் காது நல்ல காது. ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் பஞ்சு மெல்ல உள்ளே அமுங்கியது. யாரோ சாய்வது போல...

டிக். டிக். டிக்.

கொட்டைகள் தீர்ந்தன. சபீரா எழுந்தாள். வாயைத் திறந்தாள்.

“வாரேன்.”

வேறு எந்தத் தகப்பனும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பான். நான் ஓடவில்லை. மெத்தை முன்னால் மண்டியிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

“யாரா இருந்தாலும் சரிங்க. இன்னொருக்கா கூப்புடுங்க.”

சபீரா சிரித்தாள். மெத்தையை நோக்கி ஓர் அடி வைத்தாள். அவள் கையைப் பிடித்தேன்.

ஐஸ் போலச் சில்லிட்டிருந்தது.

அப்போதுதான் பயம் வந்தது. அவளை அள்ளிக்கொண்டு ஜீப்பில் ஏறினேன்.

சேலத்தில் மறுபடி சோதித்தார்கள். நரம்பில் எந்த அசைவும் இல்லை.

அடுத்த வாரம், சாமான்களை எடுத்து வருகிறேன் என்று சலீமாவிடம் சொல்லிவிட்டு மலையேறினேன். சபீராவையும் கூட்டிப் போனேன். இன்னொரு தடவை அவளை அந்த மெத்தை முன்னால் உட்கார வைக்க வேண்டும். அவ்வளவுதான் என் புத்தியில் இருந்தது. அவள் தூங்கிவிட்டதால் ஜீப்பிலேயே விட்டு உள்ளே போனேன்.

மெத்தை இல்லை. முகாமுக்கு ஆட்களை அழைத்து வரும் பொன்னம்மாள் மட்டும் நின்றிருந்தார். என்னை ஒருமாதிரி பார்த்தார்.

“ஏனுங்க, செத்தவங்க படுக்கையப் போய் எடுத்தாருவாங்களா? அது பானுமதியோடதுங்க. மறுபடி எல்லையிலயே கொண்டுபோய்ப் போட்டுட்டோம்.”

பானுமதி பல நாள் இழுத்துக்கொண்டு கிடந்தாராம். கீழே டவுனில் இருந்த மகள் வரவே இல்லையாம்.

“கடைசி மூச்சு வரைக்கும் ‘வா கண்ணு, வா கண்ணு’ன்னு கூப்புட்டுட்டே கெடந்தாங்க. வாரேன்னு சொல்லத்தான் ஒருத்தரும் இல்லைங்க.”

வெளியே ஜீப் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

ஓடிப் பார்த்தேன். சபீரா ஊர் எல்லையைப் பார்த்து வேகமாக நடந்துகொண்டிருந்தாள்.

பிடித்துவிட்டேன். இன்றுவரை பிடித்துக்கொண்டேதான் இருக்கிறேன்.