மட் ஃப்ளாப்பில் பிள்ளையார்

எழுபதுகளின் தொடக்கத்தில், ஆறு வருஷம் காத்திருந்த பிறகு, மயிலாப்பூரில் எங்கள் வீட்டு வாசலுக்கு ஒரு கார் வந்தது. வெண்ணெய் நிறம். வீட்டில் நான், என் கணவர், மாமியார், மூன்று பேர்தான். மூவரில் லைசென்ஸ் இருந்தது எனக்கு மட்டும். தி. நகரில் ஓட்டப் பழகி, முதல் தடவையிலேயே எட்டுப் போட்டுக் காட்டி வாங்கியது. என் கணவர் எட்டுப் போடும்போது இரண்டு கம்பங்களைச் சாய்த்துவிட்டார். அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். தினமும் பஸ்ஸில் விலா எலும்பு நொறுங்கப் போய் வந்துகொண்டிருந்தேன். இனி பாலத்தின் மேல் என் காரில் என் இஷ்டத்துக்குப் போவேன் என்று நினைக்கும்போதே கை தானாக ஸ்டியரிங் பிடிக்கும். ஆனால் கார் வந்த அன்றே கண் பட்டுவிட்டது. என் கணவருடைய ஆபீஸ் டிரைவர்தான் ஓட்டி வந்தார். வழியில் சாலை போட ஜல்லி கொட்டியிருந்தார்கள். ஒரு கல் தெறித்து, பின்சக்கரத்துக்கு மேலே அரிசி அளவுக்குப் பெயிண்ட் போய்விட்டது. அன்று என் கணவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“மட் ஃப்ளாப் போடாம கார் வாசலைத் தாண்டாது. போட்டப்புறம் நீயே ஓட்டிக்கோ” என்றார்.

சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் இரண்டு ரப்பர் துண்டுகளுக்காக உலகத்தில் எந்தப் பெண்ணாவது அப்படி ஏங்கியிருப்பாளா, தெரியாது. நான் ஏங்கினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே புடவை கட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தேன்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப். ஆபீஸ் டிரைவர்தான் ஓட்டிப் போனார். மெக்கானிக் கையில் டிரில்லை எடுத்ததும் என் கணவர் குறுக்கே போய் நின்றுவிட்டார்.

“பெயிண்டைக் காப்பாத்தக் கார்ல ஓட்டை போடுவேளா?”

“இன்னா சார் நீங்க, உள்ளாரதான் ஓட்டை. வெளிய ஒண்ணும் தெரியாது. இந்த ரப்பர் இல்லாம மழையில போனீங்கன்னா ஒரே மாசத்துல பெயிண்ட் பூரா பொத்தல் பொத்தலா ஆயிடும். ரெண்டு பேரும் பின்னாடி ஏறி உக்காருங்க. வண்டி அமுங்கட்டும். அப்பதான் ரப்பர் எத்தினி உயரம்னு தெரியும்.”

ஏறி உட்கார்ந்தோம். டிரில் சத்தம் கேட்டதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். அரை மணியில் வேலை முடிந்தது. கறுப்பு ரப்பர் இரண்டும் தரைக்கு ஒரு சாண் மேலே கம்பீரமாகத் தொங்கின. எனக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் புத்தி கெட்டது. பக்கத்துக் கடையில் போர்டு எழுதும் பெயிண்டர் எட்டிப் பார்த்து, “ரப்பர் வெறுமையா கீதேம்மா. எதுனா போடட்டுமா? ஸ்டாரு? தாமர?” என்று கேட்டார்.

“பிள்ளையார் போடுங்க” என்றேன். புது வண்டி, பிள்ளையார் சுழி போட்டுத்தானே ஆரம்பிக்க வேண்டும்?

மஞ்சள் பெயிண்டில் பக்கத்துக்கு ஒரு பிள்ளையார், தொப்பையும் தும்பிக்கையுமாகக் கண் சிமிட்டுவதற்குள் வந்துவிட்டார். மெக்கானிக் பயபக்தியோடு குங்குமம் வைத்துக் கற்பூரமும் காட்டினார். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

வீட்டு வாசலில் மாமியார் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார். காரைச் சுற்றி வந்தவர் பின்பக்கம் அப்படியே நின்றுவிட்டார்.

“என்னடீ இது? சேறு அடிக்கற இடத்துலயா பிள்ளையாரைக் கொண்டு வச்சிருக்கே?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“படம்தானேம்மா” என்றேன்.

“கற்பூரம் காட்டினாளா?”

“காட்டினா.”

“அப்போ படம் இல்லை. சுவாமி.”

முடிந்தது கதை. கழற்றிவிடலாம் என்றேன். கழற்றி எங்கே வைப்பது, ரப்பர் நாற்றத்தோடு பூஜை அலமாரியிலா? சுரண்டிவிடலாம் என்றேன். பிள்ளையாரைச் சுரண்டுகிறவள் இந்த ஆத்துக்கு மாட்டுப்பெண்ணா என்று கேட்டுவிட்டார். ஐப்பசி மாதம் வேறு, அன்று ராத்திரியே மழை பிடித்துக்கொண்டது. தெரு முழுக்கச் சேறும் குட்டையும். ஒரு சக்கரம் உருண்டால் போதும், பிள்ளையார் முகத்தில் சகதி. கார் இருந்த இடத்திலேயே நின்றது.

என் கணவருக்கு உள்ளூர ஒரே குஷி. கார் நகராதவரை பெயிண்டுக்கு ஆபத்தில்லை அல்லவா? சாயங்காலம் ஆனால் போதும், மஞ்சள் ஃபிளானல் துணியை எடுத்துக்கொண்டு துடைக்கக் கிளம்பிவிடுவார். மாமியார் தினமும் இரண்டு ரப்பருக்கும் அருகம்புல் சாத்தினார். எதிர்வீட்டு மாமி என் பின்சக்கரத்துக்கு முன்னால் தோப்புக்கரணம் போட்டுவிட்டுப் போனார். நான் மட்டும் மழையில் நனைந்து பஸ்ஸில் தொங்கினேன். ஓட்டத் தெரிந்தவளுக்கு இதைவிடத் தண்டனை வேண்டுமா?

பத்தாம் நாள், முட்டிவரை சேற்றோடு வீட்டுக்குள் நுழைந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

“ஏம்மா, சதுர்த்திக்குக் குளத்தங்கரையில வாங்கறோமே களிமண் பிள்ளையார், அவரைக் கடைசில கிணத்துல போடறோமே, அது மட்டும் பாவமில்லையா?” என்றேன்.

“அது புனர்பூஜை பண்ணி, வடக்கே நகர்த்தி வச்சப்புறம்டீ. நகர்த்தியாச்சுன்னா சுவாமி கிளம்பிட்டார்னு அர்த்தம். மிச்சம் வெறும் மண்ணுதான்” என்றவர், சட்டென்று வாயை மூடிக்கொண்டார். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வாசலைப் பார்த்தோம். எங்கள் வாசல் வடக்குப் பார்த்தது. காரும் கேட்டுக்குள்ளே தெருவைப் பார்த்தேதான் நின்றது.

“இதுக்கும் பண்ணிடலாமாம்மா?”

“பண்ணலாம். ஆனா நகர்த்தறது யாரு?”

“நான்!” தெருவுக்கே கேட்டிருக்கும்.

அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை. மாமியார் மடிசாரோடு காருக்குப் பின்னால் உட்கார்ந்து, இரண்டு ரப்பருக்கும் அட்சதை போட்டு, தயிர்சாதம் நைவேத்யம் பண்ணினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. என் கணவர் ஃபிளானல் துணியோடு கேட்டருகே நின்று, “ரெண்டு விரக்கடை நகர்ந்தா போறும், தெரிஞ்சுதா? ரெண்டே விரக்கடை!” என்று பத்துத் தடவை சொன்னார்.

“நகர்த்தறச்சே வண்டியில கை வச்சுண்டு இருக்கணும். வெளியில நின்னுண்டு முடியாது” என்று மாமியார் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். கார் வந்ததிலிருந்து அவர் அதில் ஏறியதே இல்லை. ஸீட்டை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு நேராக உட்கார்ந்தார்.

சாவியைத் திருகினேன். இன்ஜின் உறுமியது. கிளச்சை விட்டேன். இரண்டு விரற்கடை ஆயிற்று, இரண்டு முழமும் ஆயிற்று. முன்சக்கரம் கேட்டைத் தாண்டிக் குட்டையில் தொபக்கென்று இறங்கியது.

“போறும்! நிறுத்து! பெயிண்ட்!” என்று அவர் கத்தினார்.

அவர் சொன்னால் கேட்கிற பழக்கதோஷத்தில் கால் பிரேக்குக்குப் போனது. பின்னாலிருந்து ஒரு கை என் தோளைப் பிடித்தது.

“எதுக்குடீ நிறுத்தறே?” என்றார் மாமியார். “இந்த வாசல்லேர்ந்து எங்கே போறதுன்னாலும் யாராவது கூட்டிண்டு போகணும்னு முப்பத்தஞ்சு வருஷம் உக்காந்திருந்துட்டேன். நீ போ.”

பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்ஸிலரேட்டரில் வைத்தேன்.